கான்ட்ராக்ட் ஆள் வைத்திருக்கிறீர்களா? பில்லில் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாத இரவு ஷிஃப்ட். கோயம்புத்தூர் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் ஃபவுண்டரியில், ஃபெட்லிங் (வார்ப்பில் பிசிர் எடுக்கும்) பகுதியில் ஒரு வார்ப்பு கொக்கியிலிருந்து நழுவி ஒரு பையனின் இடது பாதத்தில் விழுந்தது. ஒடிசாவிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) நம்பர். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். “இன்னும் போடலீங்க மேடம், மாசக் கடைசியில எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுடுவேனுங்க” என்றார். ஆள் சேர்ந்த பத்து நாளுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அவர் கொடுத்திருந்த பழைய சலான்களை (சந்தா கட்டிய ரசீதுகள்) எடுத்து மேசையில் பரப்பினேன். கேட் ரிஜிஸ்டரில் 57 பேர். சலானோடு இருந்த பெயர்ப் பட்டியலில் 41 பேர். பதினொரு மாதமாக 57 பேருக்கான பில்லில் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பில்லின் பின்னாலும் சலான் பின் செய்யப்பட்டுத்தான் இருந்தது. சலான் இருக்கிறதா என்று பார்த்த நான், அது யார் யாருக்கு என்று பார்க்கவே இல்லை. வைத்தியச் செலவும் இழப்பீடும் கம்பெனி கொடுத்தது. அந்தப் பையனுக்கு இரண்டு விரல் போனது போனதுதான்.

டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்து இப்போது அங்கேயே மனிதவளப் பிரிவைப் பார்க்கிறேன். மொத்தம் 19 வருடம். அந்த ஜூலைக்கு அப்புறம் நானே பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வக்கீல் எழுதும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும். இது பில்லைக் கையில் வைத்திருப்பவருக்கானது.

பொறுப்பு யாருடையது

“ஆள் கான்ட்ராக்டரோடது, எங்களுக்கு என்ன?” என்று கேட்கும் முதலாளிகளை இன்றும் பார்க்கிறேன். சட்டம் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: முதன்மை வேலையளிப்பவர். ஆபீஸ் பேச்சில் பிரின்சிபல் எம்ப்ளாயர். கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கவில்லை என்றால் நாம் கொடுத்துவிட்டு, பிறகு அவரிடம் வசூல் செய்துகொள்ள வேண்டும். 1970-ஆம் வருடத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது. அதன் இடத்தில் வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020, தன் 55-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. இஎஸ்ஐ சட்டம் இன்னும் நேராகப் பேசியது: கான்ட்ராக்ட் ஆளின் சந்தாவை முதலில் கட்ட வேண்டியவரே முதன்மை வேலையளிப்பவர்தான். 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்திலேயே கான்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டால் வேலையைக் கொடுத்தவர் பொறுப்பு என்று இருந்தது. நூறு வருடமாக இருக்கும் விஷயம் இது.

நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. புதிய விதிகள் முழுமையாக இடம்பிடிக்கும் வரை, பழைய விதிகள் புதிய சட்டத்தோடு முரண்படாத அளவுக்குத் தொடரும். அதனால் ‘சட்டம் மாறிடுச்சு’ என்று யாராவது சொன்னதைக் கேட்டு, பழைய ரிஜிஸ்டர் எதையும் பரணில் போட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் தொழிற்சாலையாக இருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், மற்ற நிறுவனங்களுக்குத் தொழிலாளர் துறை. எந்தப் படிவம் இன்று செல்லும் என்பதை அங்கே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

ஐம்பது என்ற எண்

பழைய சட்டம் 20 கான்ட்ராக்ட் ஆட்கள் இருந்தாலே பொருந்தும் என்று வைத்திருந்தது. புதியதில் அது 50. கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும் என்பதும் அந்த 50-லிருந்துதான். லைசென்ஸ் இனி ஐந்து வருடத்துக்குச் செல்லும். நல்ல மாற்றம்தான். வருடா வருடம் புதுப்பிக்க அலைந்தவர்களுக்கு அது புரியும்.

ஆனால் இந்த ஐம்பதை வைத்து ஒரு தப்பான நம்பிக்கை பரவியிருக்கிறது. “எங்ககிட்ட 45 பேருதான், எதுவும் வேண்டாம்” என்று போன மாதம்கூட ஒருவர் சொன்னார். அந்த 50, கான்ட்ராக்ட் முறைக்கான லைசென்ஸையும் அந்த அத்தியாயத்தையும் மட்டும் சேர்ந்தது. குறைந்தபட்சக் கூலிக்கு எண்ணிக்கையே கிடையாது. ஒரே ஒரு ஆள் இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். இஎஸ்ஐ 10 பேரிலிருந்து, பிஎஃப் 20 பேரிலிருந்து. ஒன்று கவனியுங்கள்: தொழிற்சாலையில் தலை எண்ணும்போது நம் சொந்த ஆளும் கான்ட்ராக்ட் ஆளும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். நம்மிடம் எட்டுப் பேர், கான்ட்ராக்டரிடம் ஆறு பேர், அதனால் இஎஸ்ஐ வேண்டாம் என்ற கணக்கு நிற்காது.

ரேட்டிலேயே எல்லாம் தெரிந்துவிடும்

எனக்கு ஒரே ஒரு இடத்தை மட்டும்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், கான்ட்ராக்டர் கொடுக்கும் கொட்டேஷனைத்தான் பார்ப்பேன். அவர் கேட்கும் ரேட்டில் சட்டப்படி சம்பளம் கொடுக்கவே முடியாது என்றால், அவர் கொடுக்கப் போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்ட நாமும் அதில் பங்காளி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆளுக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து நாளுக்கு 560 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்குத்தான். உங்கள் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று அரசாணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பஞ்சப்படி வருடா வருடம் ஏப்ரல் 1 முதல் மாறும். 26 நாளுக்கு 14,560. பிஎஃப்பில் முதலாளி பங்கு 12 சதவீதம், காப்பீட்டுக்கு அரை, நிர்வாகச் செலவுக்கு அரை, ஆக 13 சதவீதம்: 1,893. இஎஸ்ஐ முதலாளி பங்கு 3.25 சதவீதம்: 474. இந்த மூன்றையும் கூட்டினால் 16,927.

இப்போது கான்ட்ராக்டர் “நாளுக்கு 650-க்கு ஆள் தர்றேனுங்க” என்கிறார். 26 நாளுக்கு 16,900. சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ மூன்றுக்கே 27 ரூபாய் குறைகிறது. அவருடைய லாபம் எங்கே? போனஸ் எங்கே? 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸ் மாதத்துக்கு 1,213 வருகிறது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்றால் 728. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஒன்பது தேசிய, பண்டிகை விடுமுறைகள். அதை மாதத்துக்குப் பிரித்தால் 420. மொத்தம் 19,288. நாளுக்கு ஏறக்குறைய 742 ரூபாய். பணிக்கொடை, செருப்பு, யூனிஃபார்ம், அவருடைய சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி எல்லாம் இதற்கு மேல்.

650-க்கும் 742-க்கும் நடுவில் இருக்கும் அந்த 92 ரூபாய் தொழிலாளியின் பையிலிருந்துதான் வரப்போகிறது. போனஸ் வராது, விடுமுறைக்குச் சம்பளம் வராது, முதலாளி பங்கான பிஎஃப்பையும் அவன் கூலியிலிருந்தே பிடிப்பார்கள். தொழிலாளியிடம் அவன் பங்கை மட்டும்தான் பிடிக்கலாம்: பிஎஃப் 12, இஎஸ்ஐ 0.75. சம்பளச் சீட்டில் இருபத்துநாலு சதவீதம் பிடித்திருந்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் கொட்டேஷனை ஒரே தொகையாக வாங்காதீர்கள். கூலி, பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ், விடுப்பு, விடுமுறை, சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி என்று வரிவரியாக வாங்குங்கள். பேரம் பேசலாம், சர்வீஸ் சார்ஜில் மட்டும். பர்ச்சேஸ் டிபார்ட்மென்டிலிருந்து “எல்-ஒன் இவருதான், ரேட்டு கம்மி” என்று ஒரு தாள் வரும்போது இந்தக் கணக்கை எழுதி அதன் மேல் பின் செய்து திருப்பி அனுப்புகிறேன். முதல் தடவை சண்டை வந்தது. இப்போது அவர்களே போட்டுவிட்டு அனுப்புகிறார்கள்.

இன்னொன்று. அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து மீதியை வாஷிங் அலவன்ஸ், கன்வேயன்ஸ் என்று பிரித்து பிஎஃப்பைக் குறைக்கும் பழக்கம் இருந்தது. புதிய கூலி விளக்கப்படி இந்தப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் கூலியாகவே கணக்கிடப்படும். பழைய ஷீட்டை அப்படியே காப்பி செய்து கொடுக்கும் கான்ட்ராக்டரிடம் இதைச் சொல்லித் திருத்தி வாங்குங்கள்.

எந்த வேலையைக் கொடுக்கலாம்

புதிய சட்டம் நிறுவனத்தின் மைய வேலையில் கான்ட்ராக்ட் ஆள் கூடாது என்கிறது. துப்புரவு, செக்யூரிட்டி, கேன்டீன், ஏற்றி இறக்குவது, தோட்டம் இவையெல்லாம் மைய வேலை ஆகாது, அந்த வேலைக்காகவே நடக்கும் நிறுவனமாக இல்லாத பட்சத்தில். வழக்கமாகவே கான்ட்ராக்டில் நடக்கும் வேலை, நாள் முழுக்க ஆள் தேவைப்படாத வேலை, திடீரென்று ஆர்டர் கூடி ஒரு தேதிக்குள் முடிக்க வேண்டிய வேலை இவற்றுக்கு விலக்கு உண்டு.

ஃபவுண்டரியில் உருக்குவதும் மோல்டிங்கும் மைய வேலை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஃபெட்லிங்? எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேர் அதை வெளியே கொடுக்கிறார்கள். பிசிர் எடுக்காமல் எந்த வார்ப்பும் கேட்டைத் தாண்டாது. ஆகவே அதை மைய வேலையாகவே எடுத்துக்கொள்வதுதான் நியாயம் என்பது என் கருத்து. நிர்வாகத்திடம் மூன்று வருடம் சொல்லிச் சொல்லி, பழைய ஆட்களில் 22 பேரை எங்கள் ரோலில், அதாவது கம்பெனியின் சொந்த ஆட்களாக, எடுத்தோம்.

அப்புறம், காகிதத்தில் கான்ட்ராக்ட், தரையில் நம் ஆள் என்ற நிலை. கோழிக்கோட்டில் ஆலத் என்ற கயிறு ஆலையின் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் இருந்த அமர்வு. நடுவில் கான்ட்ராக்டர்கள் இருந்தாலும், திரையை விலக்கிப் பார்த்தால் அந்த உழைப்பும் பிழைப்பும் ஆலையோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன, ஆகவே ஆலைதான் முதலாளி என்று தீர்ப்பு. 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில், கான்ட்ராக்ட் முறையை அரசு தடை செய்தாலே ஆட்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. அதே தீர்ப்பில், கான்ட்ராக்ட் வெறும் கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயம் கண்டால் அவர்கள் நம் தொழிலாளர்களே என்பதும் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் ஆலோசகர்களிடம் ஜாக்கிரதை.

கண்துடைப்பு எப்படித் தெரியும்? யார் லீவ் கொடுக்கிறார்? யார் ஷிஃப்ட் மாற்றுகிறார்? தப்பு செய்தால் மெமோ யார் கொடுக்கிறார்? எல்லாவற்றுக்கும் நம் சூப்பர்வைசர் பெயர் வந்தால், அக்ரிமென்ட்டில் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் பயன் இல்லை. கான்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருக்க, ஆள் மட்டும் எட்டு வருடமாக அதே மெஷினில் நிற்பது எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி. தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி. அதற்குப் பயந்து ஆளை 470-ஆவது நாளில் நிறுத்துகிற வேலையைச் செய்யாதீர்கள். உண்மையிலேயே அந்த ஆள் நமக்குத் தேவை என்றால் ரோலில் எடுங்கள்.

கேட்டில்

எங்கள் கேட்டில் ஒரே விதி: இஎஸ்ஐ நம்பர் அச்சான தாள் இல்லாமல் கான்ட்ராக்ட் ஆளுக்கு கேட் பாஸ் கிடையாது. சட்டம் பத்து நாள் தருகிறது, நான் ஒரு நாள்கூடத் தருவதில்லை. ஆதார், வயதுச் சான்று, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், கான்ட்ராக்டர் கொடுத்த நியமனக் கடிதம் எல்லாம் அன்றைக்கே டைம் ஆபீஸுக்கு வர வேண்டும். செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் ஆறு வருடமாக இதில் பிடிவாதமாக நிற்கிறார். ஒரு தீபாவளி ஆர்டர் சமயத்தில் 14 பேரை வேனோடு திருப்பி அனுப்பினார். புரொடக்‌ஷன் மேனேஜர் கத்தினார். மறுநாள் மதியம் 14 பேரும் நம்பரோடு வந்தார்கள்.

வெளிமாநில ஆட்கள் என்றால் விவரத்தைத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டியது உண்டு. ஷூ, கண்ணாடி, கையுறை நம் ஆளுக்குக் கொடுப்பது போலவே அவர்களுக்கும். குடிநீர், கழிப்பறை, ஓய்வறை, கேன்டீன், முதலுதவி இவை புதிய சட்டத்தில் நேரடியாக முதன்மை வேலையளிப்பவர் தலையில். கான்ட்ராக்ட் ஆளுக்குத் தனித் தண்ணீர்ப் பானை என்று இன்னும் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மாதா மாதம் மூன்று தாள்

பில் வந்ததும் மூன்று தாள்களை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறேன். நம் கேட் வருகைப் பதிவு, கான்ட்ராக்டரின் சம்பளப் பட்டியல், பிஎஃப் இசிஆர் (பிஎஃப்புக்கு மாதா மாதம் தாக்கல் செய்யும் பெயர்வாரிக் கணக்கு). இசிஆரில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யூஏஎன் (அந்த ஆளின் பிஎஃப் எண்), கூலி, கடைசியில் என்சிபி என்று ஒரு கட்டம் இருக்கும். சந்தா இல்லாத நாட்கள். பெரும்பாலும் யாரும் பார்க்காத கட்டம் அதுதான். 26 நாள் கேட்டில் பஞ்ச் வைத்த ஆளுக்கு, இசிஆரில் பாதி மாதத்துக்கும் மேல் சந்தா இல்லாத நாள் என்று போட்டு, 12 நாள் கூலிக்கு மட்டும் பிஎஃப் கட்டியிருப்பார்கள். பெயர் இருக்கும், யூஏஎன் சரியாக இருக்கும், சலான் அசலாக இருக்கும்.

இஎஸ்ஐயிலும் அதே 12 நாளைக் காட்டுவார்கள். இதில் தொழிலாளி இழப்பது அந்தச் சில ரூபாய் மட்டும் அல்ல. நோய்க்கால உதவித்தொகை வாங்க, ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். பன்னிரண்டை ஆறால் பெருக்குங்கள். 72. ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் உழைத்தவன் மஞ்சள் காமாலையில் படுத்தால், தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்படுவான். எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவருக்கு இது நடந்தது. அந்த கான்ட்ராக்டரை அந்த வருடமே நிறுத்தினோம்.

பணம் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஜூன் மாதச் சம்பளம் ஜூலை 7-க்குள் போக வேண்டும். ஜூன் மாத பிஎஃப்பும் இஎஸ்ஐயும் கட்டக் கடைசி நாள் ஜூலை 15. பில் இரண்டுக்கும் முன்னால் வந்துவிடும். நான் பில்லை இரண்டாகப் பிரிக்கிறேன். கூலிப் பகுதி 5-ஆம் தேதி போய்விடும். மீதி, சலானும் இசிஆரும் கைக்கு வந்து மூன்று தாளும் ஒத்துப்போன பிறகு. இதை அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிட வேண்டும், நடுவில் புதிதாகச் சொன்னால் தகராறுதான். கையில் பணம் இல்லாத சின்ன கான்ட்ராக்டர் என்றால், அந்த ஆட்களுக்கு நம் சொந்த பிஎஃப், இஎஸ்ஐ கோடிலேயே கட்டிவிட்டு அவர் பில்லில் கழித்துக்கொள்ளலாம். நான் இரண்டு பேருக்கு அப்படித்தான் செய்கிறேன். வேலை கூடும், ஆனால் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

சம்பளம் பேங்கில்தான் போக வேண்டும். அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். முன்பெல்லாம் கேட்டில் ரொக்கம் கொடுப்பார்கள், நாங்கள் பக்கத்தில் நின்று ‘என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போடுவோம். இப்போது பேங்க் ஸ்டேட்மென்ட்டில் எல்லாம் சுத்தமாக இருக்கும், ஏடிஎம் கார்டு மேஸ்திரி பையில் இருக்கும். அதனால் 8-ஆம் தேதி மத்தியானம் கேன்டீன் வரிசையில் நான்கைந்து பேரிடம் பேசுகிறேன். சம்பளம் எவ்வளவு வந்தது, கார்டு யாரிடம் இருக்கிறது, ஊருக்கு யார் அனுப்பினார்கள். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் இல்லாத நேரமாகப் பார்த்து. ஹிந்தி தெரிந்த ஒரு பெண்ணை ஸ்டோர்ஸிலிருந்து கூட்டிப் போகிறேன். ஒரு தடவை ஒரே அறையில் தங்கியிருந்த ஒன்பது பேரின் கார்டும் ஒரே ஆளிடம் இருந்தது. அன்று சாயங்காலமே திருப்பி வாங்கிக் கொடுத்தோம், அவர்களே புதிய பின் நம்பர் மாற்றும்வரை கூடவே இருந்தோம்.

ஓடி (கூடுதல் நேர வேலை) என்றால் இரட்டைக் கூலி. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டை ‘ஒன்றரை டூட்டி’ என்று பெயர் வைத்து ஒன்றரைக் கூலி கொடுப்பது சட்டப்படி குறைவு. எட்டு மணி நேரத்துக்கு மேல் உள்ள நான்கு மணி நேரத்துக்கு எட்டு மணி நேரக் கூலி வரும். அது இரண்டு டூட்டிக்குச் சமம்.

கான்ட்ராக்டர் போகும்போது

ஒப்பந்தம் முடியும் மாதத்தில்தான் நாம் அசந்துவிடுகிறோம். நான் ஒரு மாத பில் அளவுக்கு டெபாசிட் பிடித்து வைத்திருப்பேன். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஆளுக்குப் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள். போனஸ், விடுப்புச் சம்பளம் கணக்குப் போட்டுக் கொடுத்த பட்டியல். 180 நாள் வேலை செய்திருந்தாலே இனி சம்பள விடுப்பு உண்டு, முன்பு 240 ஆக இருந்தது. எத்தனை நாள், என்ன வேலை செய்தார் என்ற அனுபவச் சான்றிதழ்.

கடைசியாக, பிஎஃப் தளத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் வேலையை விட்ட தேதி பதியப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்தத் தேதி இல்லாமல் பணத்தை எடுக்கவோ மாற்றவோ போனால் சிக்கிக்கொள்ளும். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே ஆதார் ஓடிபி வைத்துப் பதியலாம்தான். ஒடிசாவில் பாலசோருக்குத் திரும்பிப் போன, பழைய சிம் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்ட ஒரு பையனுக்கு அது எங்கே முடியும்? அதனால் கடைசிப் பெயருக்கும் தேதி ஏறியதைத் திரையில் பார்த்து, அச்செடுத்து, ஃபைலில் வைத்த பிறகுதான் டெபாசிட் செக்கில் கையெழுத்துப் போடுகிறேன்.